ஒரே மூச்சில் ஒரு பனியன்

எனக்குத் தோள் சேர்க்கத் தெரியும். தையலில் வேறு எதுவும் தெரியாது.

பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்று ஒன்று உண்டு. ஒரு மோட்டார், மேசைக்கு அடியில் ஒரு தண்டு, அந்தத் தண்டில் ஓடுகிற மிஷின்கள் வரிசையாக இருக்கும். வரிசையில் உட்காருகிற ஆளுக்கு ஒரு வேலைதான். நான் முன்துண்டையும் பின்துண்டையும் தோளில் சேர்த்து இடப்பக்கம் போடுவேன். இடப்பக்கம் இருப்பவர் கழுத்துக்கு ரிப் என்கிற இழுபடும் பட்டைத் துணி வைப்பார். அவர் தன் இடப்பக்கம் போடுவார். அங்கே பனியனுக்குக் கை வைப்பார்கள். பிறகு பக்கவாட்டைச் சேர்த்துப் பக்கம் அடிப்பார்கள். கடைசியில் கீழ் மடிப்பு. தோள் தையல் ஒரு சாண்கூட வராது. ஒரு பனியனுக்கு இரண்டு தோள். பதினாலு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தேன்.

யாராவது கேட்டால் பனியன் தைக்கிறேன் என்பேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

நான் சங்கரன்கோவில் பக்கம். ஆறாம் வகுப்போடு நின்று இங்கே வந்தவன். வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் இருந்தோம். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனில் குறை பார்க்கிற வேலை. ஒரே மகள். இங்கேயே பிறந்தாள். அவள் பேச்சு இந்த ஊர்ப் பேச்சு. வீட்டை ஊடு என்பாள்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து நம்ம ஊர்த் தொழில் என்று ஒரு பாட்டு எழுத வேண்டும். அதைப் பாடி ஆடி வீடியோ எடுக்க வேண்டும். பெற்றோரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்கள். டிவியில் பாட்டு வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். செல்போனில் படம் பிடிக்கிற வசதி அப்போது எங்கள் பக்கம் யாரிடமும் இல்லை. மகளோடு படிக்கிற ஒரு பெண்ணிடம் கையடக்கமாக ஒரு கேமரா இருந்தது. அவள் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அவள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், பனியன் வேஸ்ட் துணி வாங்கி விற்கிற குடோன் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மகள் நோட்டை எடுத்துவந்து பாட்டைப் படித்துக் காட்டினாள்.

நூலு வந்து துணியாச்சு
துணி போயிச் சாயமாச்சு
எங்கப்பா கையில ஏறி
ஒரே மூச்சில பனியனாச்சு

"நல்லாருக்கு" என்றேன்.

"அப்பா, அடுத்த ஞாயித்துக்கெழமை வீடியோ எடுக்கறோம். கடைசி ரெண்டு வரிக்கு உங்களத்தான் எடுக்கப் போறோம். நீங்க துணிய எடுக்கோணும், தெய்க்கோணும், முழுப் பனியனாத் தூக்கிக் காட்டோணும். நடுவுல கட் பண்ணவே மாட்டோம். அதை நான் போட்டுக்கிட்டு ஆடுவேன்."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கேமரா வெச்சிருக்கறவ ஒத்துக்கவே இல்லப்பா. பவர் டேபிள்ல யாரும் முழுசாத் தெய்க்க மாட்டாங்களாம், அவங்க அத்தா சொன்னாராம். அவங்க குடோன்லயே எடுத்துக்கலாம்ங்கறா. எங்கப்பா தெய்ப்பாருன்னு நான் சொல்லிட்டேன். தெய்க்கலைன்னா குடோன்லயே எடுத்துக்க, நான் ஒண்ணும் பேச மாட்டேன்னும் சொல்லிட்டேன். மூணு பேரு என் பக்கம். தெய்ப்பீங்கல்ல?"

"சரி" என்றேன்.

அவள் வெளியே ஓடிவிட்டாள். மனைவி குழம்புச் சட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, ஒங்களுக்குக் கழுத்து வைக்கத் தெரியுமா?"

"இல்ல."

"கை?"

"இல்ல."

"பொறவு என்னத்துக்குச் சரின்னீய?"

"ஒரு வாரம் இருக்குல்லா. படிச்சிக்கிடுவேன்."

"பிள்ளைட்ட தெரியாதுன்னு சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவீய?"

நான் கை கழுவ எழுந்துபோனேன்.

மறுநாள் இடப்பக்கம் இருக்கிற கழுத்துக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஊர்க்காரர். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் வீடு. வீட்டை ஒட்டி ஒரு தகரச் செட் போட்டு இரண்டு ஓவர்லாக் மிஷினும் மடிப்புக்கு ஒரு பேட்லாக்கும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் சின்னச் சின்ன வேலை எடுத்துத் தைப்பார்.

அவர் சிரித்தார். "ஏனுங்க, பதினாலு வருசமா பக்கத்துலயே உக்காந்திருக்கறீங்க. இன்னைக்குத்தான் எங்கைய பாக்கறீங்களாக்கும்?"

"இத்தன நாளு தேவைப்படலைங்க."

"நானும் உங்க கைய பாத்ததில்லீங்க. வந்து உழுகற துணியத்தான் பாத்திருக்கறேன்."

சாப்பாட்டு நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். ஓடாத மிஷினில் துணியை வைத்து எப்படி இழுப்பது, எங்கே விடுவது என்று காட்டினார். சாயங்காலம் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய் ஓட்டிப் பழகினேன். மூன்று நாள் போனேன்.

கழுத்துக்கு வைக்கிற ரிப் வளையம் கழுத்தைவிடச் சின்னது. அதை இழுத்துக் கொடுத்துக்கொண்டே வட்டமாகச் சுற்றி வர வேண்டும். இழுவை கூடினால் சுருங்கும். குறைந்தால் கழுத்து அலை அடிக்கும். சுற்றி வருகிற வரைக்கும் ஒரே இழுவையாக இருக்க வேண்டும்.

இழுவைகூடப் பிறகுதான். என் கால் கேட்கவில்லை. ஒரு சாண் ஓடியதும் மிதியிலிருந்து எழும்பிவிடும். மிஷின் நின்றுவிடும்.

"கால எடுக்காதீங்க. எதுக்குங்க கால எடுக்கறீங்க?"

"நான் எடுக்கலைங்க. அதுவா எந்திரிக்கி."

"அதுக்கென்ன தனியாச் சம்பளமா? மிதிங்க."

மிதித்தேன். மறுபடி எழும்பியது. அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கயித்தப் போட்டுக் கட்டீருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கை வைப்பதும் பக்கம் அடிப்பதும் ஓரளவு வந்தது. கீழ் மடிப்பும் வந்தது, கோணலாக. கழுத்து மட்டும் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தைத்துப் பார்த்ததில் அலை கொஞ்சம் குறைந்திருந்தது. "போதுமுங்க. வீடியோவுல என்னத்தத் தெரியப்போவுது" என்றார் கழுத்துக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எங்கள் கம்பெனிக்குள் கேமரா விட மாட்டார்கள். அதனால் அவர் செட்டிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கட்டிங் செக்‌ஷனில் சொல்லி, மிஞ்சிப்போன துண்டுகளில் மூன்று பனியனுக்கானதை வாங்கி வைத்திருந்தேன். மஞ்சள் துணி. கழுத்துக்குப் பச்சை ரிப்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து பெண்களும் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு கரண்ட் போய்விடும், அதற்குள் முடிக்க வேண்டும். கேமராப் பெண் வந்ததும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். நூல்கோன் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டியை நகர்த்தச் சொன்னாள். என் சட்டையின் மேல் பட்டனைப் போடச் சொன்னாள்.

"அங்கிள், கேமராவப் பாக்காதீங்க. நீங்க எப்பவும் தெய்க்கற மாதிரியே தெய்ங்க. மெதுவா ஆனாலும் பரவால்ல. கம்ப்யூட்டர்ல வேகமா ஓட்டிக்கலாம்."

"சரிம்மா."

செட்டில் இடம் கம்மி. மற்ற நாலு பேரும் வாசலில் நின்று பாட வேண்டும். கழுத்துக்காரர் எங்கே நிற்பது என்று தெரியாமல் தன் இடத்தில் உட்கார்ந்தார். என் இடப்பக்கம் இருக்கிற மிஷினில். கம்பெனியில் எப்படி உட்காருவோமோ அப்படி. ரிப் வளையமும் அவர் மேசையில்தான் இருந்தது. அதை நான் கை நீட்டி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இரண்டு மிஷினும் ஒரே மோட்டாரில் ஓடின.

பாட்டு ஆரம்பித்தது. ஒரு பெண் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள். கேமராப் பெண் கையைக் காட்டினாள். முன்துண்டையும் பின்துண்டையும் எடுத்தேன். ஒரு தோள். மறு தோள். நூலை அறுத்து இடப்பக்கம் போட்டேன்.

போட்டதும் தப்பு தெரிந்தது. அதற்குள் கழுத்துக்காரர் அதைப் பிடித்துவிட்டார். ரிப்பை எடுத்தார், ஒரே சுற்று. அறுத்துத் தன் இடப்பக்கம் போட்டார். கம்பெனியில் அங்கே கை வைக்கிற ஆள் உட்கார்ந்திருப்பார். இங்கே யாரும் இல்லை. பனியன் தரையில் விழுந்து மகளின் காலடிக்குப் போனது. நானும் சும்மா இருக்கவில்லை. என் கை வலப்பக்கம் போய் அடுத்த இரண்டு துண்டை எடுத்து மிஷினில் கொடுத்திருந்தது. அவை கைக்கு வெட்டிய துண்டுகள். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து அடித்திருந்தேன்.

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. வாளித் தாளம் கடைசியில் நின்றது. கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் கீழே கிடந்ததை எடுத்தாள். கை இல்லை, பக்கம் அடிக்கவில்லை. கழுத்து மட்டும் அச்சு மாதிரி இருந்தது.

"அப்பா, இவரு எதுக்குத் தெச்சாரு?"

கழுத்துக்காரர்தான் பேசினார். "கண்ணு, கைப்பழக்கம் சாமி. உங்கப்பா போட்டாருன்னா நான் புடிச்சிருவேன். என்னையறியாமப் பண்ணிப்போட்டேன். மறுக்கா எடுங்க."

அவள் அவரைப் பார்க்கவில்லை. "எப்பவுமே இவருதான் கழுத்து வெப்பாரா?"

"ஆமா" என்றேன்.

"நீங்க?"

"தோளு."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. தோளுதான்."

கேமராப் பெண் கேமராவை இறக்கினாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? குடோனுக்கே போயிருக்கலாம். எங்க அத்தா மூட்டை தூக்கறதாச்சும் நெசம்."

மற்ற மூன்று பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போனாள். நான் மிஷினில் மாட்டியிருந்த கைத் துண்டுகளை எடுத்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரிக்கத் தேவையில்லை. இன்னும் இரண்டு பனியனுக்குத் துண்டு இருந்தது.

மகள் கையிலிருந்ததை மேசையில் வைத்தாள். பிறகு, "மறுக்கா எடுக்கலாம்" என்றாள். என்னிடம், "முழுசாத் தெய்ப்பேன்னுதானப்பா சொன்னீங்க? தெய்ங்க" என்றாள்.

கழுத்துக்காரரின் மனைவி உள்ளே வந்தார். "நீங்க எந்திரிச்சு வெளிய வாங்க. உங்க கை சும்மா இருக்காது" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டாவது தடவை நானே தைத்தேன். தோளுக்கு நேரம் ஆகவில்லை. கழுத்தில் நாலு தடவை கால் எழும்பியது. நாலு தடவையும் மறுபடி மிதித்தேன். நின்ற இடத்திலெல்லாம் இழுவை விட்டுப்போனது. கை வைத்தேன். பக்கம் அடித்தேன். எழுந்து பேட்லாக்கில் உட்கார்ந்து மடிப்பு அடித்தேன். கேமராப் பெண் என் பின்னாலேயே வந்தாள். முடித்துத் தூக்கிக் காட்டினேன்.

மகள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கழுத்து முன்பக்கம் இளித்துக்கொண்டு நின்றது. நடுவில் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்தாள். செட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆடி எடுத்தார்கள். பன்னிரண்டுக்குக் கரண்ட் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கழுத்துக்காரர் வீட்டில் பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தார்கள். மகள் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். கம்பெனியில் இன்றைக்கு என்ன கலர் என்று தினமும் கேட்பவள், கேட்பதை விட்டுவிட்டாள்.

"நீங்களாப் போயிப் பேசுங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு பேச?"

"அதயும் நாந்தான் சொல்லணுமா?"

நான் பேசவில்லை. முதலில் எடுத்ததைப் போடுவார்களா, இரண்டாவதைப் போடுவார்களா என்றும் கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நானும் மனைவியும் கம்பெனியில் சொல்லிவிட்டு நேரத்தோடு போனோம். பெரிய வகுப்பறையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லோரும் எங்கள் மாதிரி ஆட்கள்தான். டெய்லர், அயர்ன், பேக்கிங். செக்கிங் பெண்கள் ஒரு முப்பது பேராவது இருப்பார்கள். நான் அதை முன்னால் யோசித்திருக்கவில்லை.

மகளின் பாட்டு மூன்றாவதாக வந்தது. இரண்டாவது தடவை எடுத்ததைத்தான் போட்டார்கள். வேகமாக ஓட்டியிருந்தார்கள். என் தலை கோழி கொத்துகிற மாதிரி ஆடியது. எல்லோரும் சிரித்தார்கள். அதற்குச் சிரிக்கத்தான் வேண்டும். பிறகு நான் பனியனைத் தூக்கிக் காட்டினேன். திரையில் அது ஆள் உயரத்துக்கு இருந்தது.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெண், "ஐயோ, கழுத்து!" என்றாள்.

இன்னொருத்தி, "அலை அடிக்குது. ஆல்டருக்குப் போடு, பிரிச்சுத் தெய்க்கட்டும்" என்றாள்.

"மடிப்பப் பாருங்க்கா, பாம்பு போனாப்புல."

"எந்தக் கம்பெனி டெய்லருங்க அது? எங்க கம்பெனியா இருந்தா மூஞ்சிலயே வீசியிருப்பேன்."

என் மனைவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளும், "இழுவை பத்தல" என்றாள், மெதுவாக.

பாட்டின் கடைசிப் பகுதிக்கு அந்த ஐந்து பெண்களும் திரைக்கு முன்னால் வந்து நேரில் ஆட வேண்டும் என்று ஏற்பாடு. மகள் அதே மஞ்சள் பனியனைப் போட்டிருந்தாள். செக்கிங் பெண்கள் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். ஒருத்தி விரலை நீட்டிக் காட்டினாள். மகள் துப்பட்டா எதுவும் போட்டு மறைக்கவில்லை. ஆடி முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கேமராப் பெண் மட்டும் பின்னால் இருந்த பெண்களைப் பார்த்து முறைத்தாள். எத்தனை மார்க் வந்தது என்று ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். மனைவி காய் வாங்க நின்றுவிட்டாள். மகளும் நானும் முன்னால் நடந்தோம். சாயப்பட்டறை லாரி ஒன்று போகிற வரைக்கும் ஓரமாக நின்றோம்.

"எல்லாரும் சிரிச்சுட்டாங்க" என்றேன்.

"ம்."

"ஒனக்குச் சங்கடமாப் போச்சு."

"அதுக்கில்லப்பா."

"பொறவு?"

"தெரியாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்கன்னா பாட்ட மாத்தியிருப்பேன். ரெண்டு வரி. பத்து நிமிசம் ஆகியிருக்காது. தோளு வெக்கறாருன்னு எழுதியிருப்பேன். அவகிட்டயும் அப்பிடியே சொல்லியிருப்பேன். நீங்க சரின்னு சொன்னதாலதான நான் எல்லாத்துகிட்டயும் அடிச்சுப் பேசினேன்?"

மூன்று சாயங்காலம் நெருப்பெரிச்சலுக்கு சைக்கிள் மிதித்தது நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது சரி. இரண்டு வரிதான்.

"நான் உங்ககிட்டக் கேட்டேன்பா. தெய்ப்பீங்கல்லன்னு" என்றாள்.

"கேட்ட."

"அப்பச் சொல்லியிருக்கோணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றேன்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் எங்கள் வரிசையில் கை வைக்கிற ஆள் வரவில்லை. எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய அக்கா மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். எனக்கு அது தெரியாது.

"என்னங்க, முழுப் பனியனும் தெய்க்கறீங்களாமா? வீடியோவெல்லாம் வந்துருக்குதாம். இன்னைக்கு ஒருநாள் கைக்கு உக்காந்துக்குங்க."

கழுத்துக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கை சரியா வைக்கத் தெரியாதுங்க" என்றேன். "வீடியோவுல தைச்சது தப்பும் தவறுமா வந்துச்சு."

"அட, தெரியாதுங்கறீங்களே."

"தெரியாதுங்க. சொல்லிக் குடுத்தா படிச்சிக்கிடுவேன். இன்னைக்கு உக்காந்தா பீஸ் பூராத்தையும் கெடுத்துருவேன்."

அவர் வேறு ஆளைத் தேடிப் போனார்.

சாயங்காலம் வீட்டில் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"நெசமா சொன்னீங்க? கான்ட்ராக்டர்கிட்டயே?"

"ஆமா."

"திட்டலையா?"

"இல்ல. போயிட்டாரு."

"அப்ப கைக்கு யாரு உக்காந்தது?"

சொன்னேன். பேக்கிங்கிலிருந்து ஒரு பழைய டெய்லரைக் கூட்டிவந்தார்கள், அவர் எப்படி வைத்தார், எந்த இடத்தில் தடுமாறினார் என்பதெல்லாம் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னைக்கு என்ன கலருப்பா?" என்றாள்.

"நேவி ப்ளூ" என்றேன்.